ஊழியர் ஏ

1

இன்று புதன்கிழமை. பிற்பகல் மூன்றரை மணிக்கு என் அலுவலக மேசையில் ஒரு தட்டு இருந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மிளகாய் இரண்டு. மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடியிருந்தார்கள். தாளின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு. அதில் சமைத்த நாள், சமைத்த நேரம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், சமைத்தவரின் கையெழுத்து. யாருக்கு என்ற இடத்தில் ‘நிர்வாகம்’ என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுதியிருந்தது.

எங்கள் சமையலறையை விட்டு வெளியே போகிற எந்தச் சாப்பாட்டிலும் இந்தத் துண்டு இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தான். இப்போது எனக்கே ஒட்டி அனுப்புகிறார்கள். இப்படித் தொடங்கி இந்தக் கிழமையோடு ஒரு வருடம்.

அதற்கு முன் பத்து வருடம் மூன்றரைக்கு ஒரு குரல் வரும். “தங்கச்சி, வாரும், ஆறப்போகுது.” பெரிய தாச்சிச் சட்டிக்குள் சோற்றையும் கறியையும் போட்டுக் குழைத்து, அடுப்படியில் நின்றபடி எல்லோரும் சாப்பிடுவோம். சட்டப்படி அது பிழை. ஊழியர் சாப்பிடத் தனி அறை இருக்கிறது. அந்த அறையில் நாங்கள் வெங்காய மூட்டை அடுக்கியிருந்தோம்.

ஊரில் இருக்கிறவர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள்: “நீ இப்ப மனேச்சராம், அதோட யுனிவர்சிற்றியும் படிக்கிறியாம்.” இரண்டும் உண்மை. மேசையில் வருகிற இந்தத் தட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

ஸ்டுட்கார்ட்டில் ஒரு உணவகம். நூற்றெண்பது இருக்கை. ஒரே நிறுவனத்துக்கு இப்படி ஒன்பது கிளைகள் இருக்கின்றன. இந்தப் பகுதியின் பழைய சாப்பாடுதான் எங்கள் பெருமை. முட்டை போட்டுப் பிசைந்த மாவைக் கொதிநீருக்குள் சுரண்டி விழுத்துவார்கள். அதற்கு ஸ்பெட்ஸ்லே என்று பெயர். வயதான சனங்கள் சாப்பிட்டு முடித்து என்னைக் கூப்பிட்டு, “எங்கள் சின்ன வயதில் சாப்பிட்ட அதே ருசி, சமையல்காரருக்குச் சொல்லுங்கள்” என்பார்கள். சமையல்காரர் குணம் அண்ணை, முழுப்பெயர் குணசிங்கம். ஊர் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி. ஐம்பத்தெட்டு வயது. அதைச் சொன்னால் அவர்களுக்கு ருசி குறைந்துவிடும் என்று நான் சொல்வதில்லை.

நான் இங்கே பாத்திரம் கழுவத் தொடங்கினேன். பிறகு மரக்கறி வெட்டினேன், பரிமாறினேன், மூன்று வருடத் தொழிற்பயிற்சி முடித்தேன், மேலாளர் ஆனேன். கணவர் பிரிந்துபோனார். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மகள் ஒருத்தி, ஆரணி, எசன் நகரத்தில் படிக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன் நிறுவனம் ஒரு புதுக் கதை சொன்னது. இனிமேல் கிளை நடத்துகிறவர்களுக்குப் பட்டம் வேண்டுமாம். திங்களும் செவ்வாயும் கல்லூரி, புதன் முதல் சனி வரை உணவகம். நிறுவனமே படிக்க அனுப்பும், வேலை செய்கிற இடத்தையே பாடமாக வைத்துப் படிக்கவேண்டும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த படிப்பு அது. எனக்கு நாற்பது.

கல்லூரி அனுமதிக்கு மட்டும் ஏழு மாதம் அலைந்தேன். ஊரில் எடுத்த உயர்தரச் சான்றிதழை ஒரு அலுவலகம் ஏற்றது, அடுத்த அலுவலகம் ஏற்கவில்லை. தொழிற்பயிற்சிச் சான்றிதழோடு திரும்பப் போனேன். அங்கே இருந்த மனிதர் என் தாள்களைப் பார்த்துவிட்டு, “இந்த வயதில் எதற்கு?” என்று கேட்டார். “ஒரு நாளும் பானை கழுவாத பிள்ளை பட்டத்தோடு வந்து எனக்கு மேலே நிற்கப்போகுது, அதற்குத்தான்” என்றேன். அவர் முத்திரை குத்தினார்.

முதல் நாள் வகுப்புக்குள் நான் நுழைந்ததும் பிள்ளைகள் கதையை நிறுத்திப் புத்தகத்தைத் திறந்தார்கள். விரிவுரையாளர் என்று நினைத்திருக்கிறார்கள். நான் பின்வரிசையில் போய் இருந்ததும் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் இந்த மூன்றாம் வருடத்திலும் என் பக்கத்து இருக்கையில் என் கைப்பைதான் இருக்கிறது.

என் டொச் அடுப்படி டொச். எடு, வை, கழுவு, சூடு, விலகு. அதில் கட்டளை போடலாம், கட்டுரை எழுத ஏலாது. முதல் கட்டுரையின் ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தார்: “நீங்கள் வாசகரை ஏன் அதட்டுகிறீர்கள்?”

3

இரண்டாம் வருடம் ஒரு திட்ட அறிக்கை எழுதவேண்டும். நீங்கள் வேலை செய்கிற இடத்தில் நன்றாக நடக்கிற ஒரு விஷயத்தை எடுத்து, அது ஏன் நன்றாக நடக்கிறது என்று ஆராயவேண்டும். நாற்பது பக்கம்.

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. மற்ற எட்டுக் கிளைகளிலும் ஆள் வராமல் அடுப்பு அணைந்த நாட்கள் உண்டு. எங்கள் கிளையில் ஒரு நாளும் இல்லை. ஏன்? எங்கள் ஆட்கள் ஒருவருக்கு ஒருவர் நிற்பார்கள். “எனக்கு வெள்ளிக்கிழமை கோயில், நீ நில்.” “நிக்கிறன். எனக்கு மற்றக் கிழமை மகளின்ரை பள்ளிக்கூடம், நீ நில்.” அவ்வளவுதான். அன்ட்ராக் என்கிற விண்ணப்பத் தாள் இல்லை, கையெழுத்து இல்லை.

வேலை நேரம் பதிய ஒவ்வொருவருக்கும் ஒரு சிப் இருக்கிறது. பின்கதவுப் பெட்டியில் காட்டினால் ‘பீப்’ என்று கத்தும். எங்கள் சிப்புகள் எல்லாம் மசாலாத் தட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். யாருக்காக நிற்கிறார்களோ அவருடைய சிப்பைக் காட்டிவிட்டு நிற்பார்கள். குணம் அண்ணையின் சிப்பில் கோயில் நூல் கட்டியிருக்கும், அதனால் தேடத் தேவையில்லை.

அறிக்கையில் உதாரணம் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டிருந்தார். என்னிடம் நல்ல உதாரணம் இருந்தது. அதற்கு முந்தைய மார்கழியில் குணம் அண்ணையின் தம்பி லண்டனில் செத்துப்போனார். எங்கள் நிறுவனத்தில் மார்கழி முழுக்க விடுமுறை இல்லை. நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், விருந்துகள் நடக்கும் மாதம். பெற்றோர், துணை, பிள்ளை செத்தால் இரண்டு நாள் உண்டு. தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. தம்பிக்குப் பிள்ளையும் இல்லை. கொள்ளி வைக்கவும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு செய்யவும் குணம் அண்ணைதான். அவர் போனார். எட்டு நாளும் அவருடைய சிப் ‘பீப்’ என்று கத்தியது. எட்டு நாளும் ஸ்பெட்ஸ்லே போனது. ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியாது, தலைமை அலுவலகத்துக்கும் தெரியாது.

இதைத்தான் எழுதினேன். பெருமையாக எழுதினேன். பெயர் போடவில்லை. ஊழியர் ஏ, ஊழியர் பி, ஊழியர் சி என்று போட்டேன்.

ஏன் எழுதினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் எட்டாம் வகுப்பில் எங்கள் ஒழுங்கையில் நடந்த வேலிச் சண்டையை அப்படியே கட்டுரையாக எழுதினேன். யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது உட்பட. ரீச்சர் முழுப் புள்ளி போட்டார். அடுத்த வருடம் பள்ளிக்கூட வாசலில் கடலை வாங்கினேன். சுருளைப் பிரித்தால் என் கையெழுத்து. வேலிச் சண்டை எண்ணெய் பட்டுக் கிடந்தது. சண்டை போட்ட வீட்டுக்காரருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. படிப்புக்கு எழுதுவது வாத்தியாரோடு முடிந்துவிடும், மிஞ்சினால் கடலைக்காரனிடம் போகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

இங்கே நான் எழுதியது கல்லூரிக்கு ஒரு பிரதி, நிறுவனத்துக்கு ஒரு பிரதி. படிப்பு ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் அது இருந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட பக்கம்.

4

தலைமை அலுவலகத்தில் என் படிப்புக்குப் பொறுப்பானவர் திருமதி கெல்லர். கூப்பிட்டார். குடிக்கக் கோப்பி தந்தார். அறிக்கை மிக நேர்மையானது என்றார். நல்ல புள்ளி கிடைக்கும் என்றார். பிறகு வேலை அட்டவணையை மேசையில் விரித்தார். மார்கழி மாதம். குணம் அண்ணையின் பெயருக்குக் கீழே மஞ்சள் கோடு.

“ஊழியர் ஏ இவர்தானே?”

பன்னிரண்டு பேர் வேலை செய்கிற சமையலறை. அதில் அந்த மாதம் தம்பியைப் பறிகொடுத்தவர் ஒருவர்தான். கண்டுபிடிக்கத் திருமதி கெல்லருக்குப் பத்து நிமிடம் எடுத்திருக்காது.

மற்றவர்களை வாயால் எச்சரித்தார்கள். குணம் அண்ணைக்கு மட்டும் அப்மானுங், அதாவது எழுத்தில் எச்சரிக்கை. இன்னொன்று வந்தால் வேலை போகும். ஓய்வுக்கு அவருக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. அதைக் கையில் கொடுத்து, கிடைத்தது என்று கையெழுத்து வாங்குவது கிளை மேலாளரின் வேலை. என் வேலை.

அவருக்கு டொச் வாசிக்க வராது. சமையலறையில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதனால் அந்தக் கடிதத்தையும் நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். இதைவிடக் கேவலமான வேலை நான் செய்ததில்லை.

கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார்.

“உதெல்லாம் எப்பிடி அவைக்குத் தெரியும்?”

“நான் எழுதினனான் அண்ணை. படிப்புக்கு. பேர் போடேல்லை.”

“பேர் போடேல்லை.” அவர் திரும்பச் சொன்னார். “எட்டு நாளும் ஆர் ஆர் நிண்டது எண்டும் எழுதினீரோ?”

“ஓம்.”

“அஞ்சாம் நாள்?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் நின்றது நான். இரண்டு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். நூல் கட்டிய சிப்பை ஆணியில் இருந்து எடுத்து, பெட்டியில் காட்டி, மேலங்கியைப் போட்டுக்கொண்டு அவருடைய அடுப்பில் நின்றேன். அறிக்கையில் ஐந்தாம் நாள் இல்லை. எழுதும்போது விடுபடவில்லை. விட்டேன். மேலாளர் சிப் அடித்ததைப் பேராசிரியருக்குக் காட்டினால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். பயம் எனக்குத் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்காக மட்டும் அந்தப் பயம் வரவில்லை.

குணம் அண்ணை பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “சரி ஷெஃபின். நான் போகலாமோ? தண்ணி கொதிக்குது, அடுப்பைப் பாக்க வேணும்.”

பத்து வருடம் தங்கச்சி. அன்றிலிருந்து ஷெஃபின். டொச்சில் முதலாளியம்மா என்று அர்த்தம்.

அடுத்த நாள் முதல் தட்டு மேசைக்கு வந்தது.

5

நிறுவனம் புது விதி அனுப்பியது. சிப்பை அவரவர் கழுத்தில் தொங்கவிட வேண்டும். வேலை நாள் மாற்ற வேண்டுமென்றால் பதினான்கு நாளுக்கு முன் அன்ட்ராக். நான் அதை வாசித்துக் காட்டினேன். யோகன், எங்கள் இரண்டாவது சமையல்காரன், வாயில் எதுவும் தங்காதவன், கேட்டான்:

“ஷெஃபின், ஒரு சந்தேகம். செத்தவீட்டுக்குப் பதினாலு நாளைக்கு முன்னம் எப்பிடி அன்ட்ராக் போடுறது? சாகப்போறவரையும் கையெழுத்து வைக்கச் சொல்லவோ?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் சிரித்ததும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

கடிதங்கள் வருவதும் நின்றது. ஒருநாள் யோகனின் பையில் வரி அலுவலகத்துக் கடிதம் தெரிந்தது. “கொண்டா, பாப்பம்” என்றேன். “வேண்டாம் அக்கா, நீங்கள் பேந்து அதையும் எழுதிப்போடுவீங்கள்” என்றான். பகிடியாகத்தான் சொன்னான். பையை இழுத்து மூடியது பகிடி இல்லை.

இதற்குள் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டொச்சில் பதில் சொல்வாள். பத்து நிமிடம். அந்த அறிக்கையின் டொச்சை வரி வரியாகத் திருத்தியவள் அவள்தான். நடந்ததைச் சொன்னேன்.

“மம்மா, நான் அப்பவே கேட்டனான்தானே,” அபூர்வமாகத் தமிழில் சொன்னாள். “கொம்பனியும் வாசிக்குமோ எண்டு. நீங்கள்தான் இல்லை எண்டு சொன்னீங்கள்.”

“ஓம், கேட்டனீ.”

“சட்டப்படி பாத்தா அது ஏமாத்துத்தான்.”

“ஆர் ஏமாத்தினது? குணம் மாமா ஆரை ஏமாத்தினவர்?”

அவள் கேட்டாள்: “ஊழியர் ஏ எண்டது குணம் மாமாவோ?”

எனக்கு வேலை இருந்த சனிக்கிழமைகளில் அவளை உணவக வாசலில் இருந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர் அவர். அவரைப் பற்றி நான் எழுதிய முறிந்த வசனங்களைத் திருத்தி, காற்புள்ளி போட்டு, அழகாக்கி அனுப்பியிருக்கிறாள். அவள் பிழை இல்லை. நான் ஏ என்று கொடுத்தேன், அவள் ஏ என்று வாசித்தாள். “எனக்குத் தெரியாது மம்மா,” என்றாள். அதன் பிறகு இரண்டு ஞாயிறு அழைக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு அழைத்து, காலநிலையைப் பற்றிக் கதைத்தாள்.

6

அறிக்கைக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். பேராசிரியர் பாராட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று ரயிலில் திரும்பும்போது இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிலையம் வரை போனேன்.

சித்திரையில் திருமதி கெல்லரிடம் நானே போனேன். ஐந்தாம் நாள் குணசிங்கத்தின் சிப்பை அடித்தது நான் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். “இதை யாரும் கேட்கவில்லையே.”

“தெரியும்.”

“இதை நான் வாங்கினால் கோப்பில் போடவேண்டும். உங்கள் படிப்பு ஒப்பந்தம் சிக்கலாகும். திருப்பி எடுத்துக்கொண்டு போகிறீர்களா?”

அந்த மனுசி என்மேல் அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். “குணசிங்கத்திடம் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை” என்றேன். வாங்கிக்கொண்டார்.

இரண்டு கிழமையில் எனக்கும் அப்மானுங் வந்தது. இன்னொன்று வந்தால் படிப்பும் வேலையும் சேர்ந்து போகும். அதை எடுத்துக்கொண்டு மூன்றரைக்குச் சமையலறைக்குப் போனேன். தாச்சியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். குணம் அண்ணையிடம் நீட்டினேன். என்னவென்று சொன்னேன்.

அவர் கடுதாசியைத் தொடவில்லை. கை சோறாக இருந்தது.

“உதாலை என்ரை கடுதாசி இல்லாமல் போகுமோ?”

“இல்லை அண்ணை.”

“அப்ப ஏன் போய் வாங்கினீங்கள்?”

இதைக் காட்டினால் தாச்சியடியில் ஒரு இடம் விடுவார்கள் என்று நினைத்துப் போயிருக்கிறேன். அவ்வளவுதான் உண்மை. திரும்பி அலுவலகத்துக்கு வந்தேன். மேசையில் தட்டு இருந்தது. துண்டு ஒட்டியிருந்தது.

7

இன்றைக்கு வருகிறேன்.

தட்டை இன்னும் பிரிக்கவில்லை. கதவடியில் குணம் அண்ணை நின்றார். கையில் ஒரு கடித உறை. ஓரங்கள் மடங்கியிருந்தன. பல நாள் பைக்குள் கிடந்த உறை.

“என்ரை பெடியனுக்கு உதைப் படம் எடுத்து அனுப்பினனான். அவன் இன்னும் பாக்கேல்லை. பத்து நாளாச்சு.” தங்கச்சி என்றும் சொல்லவில்லை, ஷெஃபின் என்றும் சொல்லவில்லை. “ஏதும் பிரச்சினையான கடிதமோ எண்டு ஒருக்காப் பாக்க ஏலுமோ?”

வாங்கினேன். வீட்டு நிர்வாகத்தின் கடிதம். அடுத்த செவ்வாய் காலை, அறைச் சூடேற்றிகளின் மீற்றரை வாசிக்க ஆள் வருவார், வீட்டில் இருக்கவும். ஒரு பார்வையில் முடிந்துவிட்டது. ‘ஒண்டுமில்லை அண்ணை’ என்று சொன்னால் அவர் போய்விடுவார்.

நான் மேலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். நிர்வாகத்தின் முகவரி. அவருடைய பெயர், வீட்டு இலக்கம். மதிப்புக்குரிய திரு குணசிங்கம் அவர்களே. ஒவ்வொரு வசனத்தையும் டொச்சில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னேன். சூடேற்றிகளுக்கு முன்னால் சாமான் வைக்கவேண்டாமாம். எத்தனை சூடேற்றி இருக்குது அண்ணை? மூண்டு. அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தையும் வாசித்தேன். அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

“அவ்வளவுதானோ?”

“இல்லை அண்ணை, பின்பக்கமும் இருக்கு.”

பின்பக்கத்தில் பொடி எழுத்து. இந்த நாட்டில் எல்லாக் கடிதத்தின் பின்னாலும் இருப்பது, யாரும் வாசிக்காதது. அதையும் வாசித்தேன். “உங்களைப் பற்றி நாங்கள் அறிந்த விபரங்களை, உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு எவருக்கும் கொடுக்க மாட்டோம்.”

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கு விளங்கியது. தலையை நிமிர்த்தவில்லை.

“அப்பிடியும் எழுதியிருக்கோ?”

“ஓம் அண்ணை. எழுதியிருக்கு.”

“நல்ல ஆக்கள்,” என்றார்.

கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் வைத்தார். கதவு வரை போனவர் திரும்பித் தட்டைப் பார்த்தார்.

“சோறு ஆறுது.”

அவர் போன பிறகு துண்டை உரித்தேன். ஆறித்தான் போயிருந்தது. இருந்து சாப்பிட்டேன்.